கோணப் பதில்

உங்கள் வீட்டில் ஒருவர், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்களா, விழுந்து விழுந்து சிரிப்பீர்களா?

எங்கள் வீட்டில் சிரித்தார்கள். காரணம், அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த மாதிரிப் பதில்தான். சம்பளத்துக்கு அவர் டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தார். ஞாயிறு காலையானால் அம்மாவும் அவரும் பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு குட்டி வானொலி நிலையத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி நாடகம். அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி கேட்பாள், அப்பா கோணலாக ஒரு பதில் சொல்வார். அவ்வளவுதான் மொத்த நிகழ்ச்சியும். புதன்கிழமை காலையில் அது காற்றில் போகும், ரத வீதிக் கடைகளில் பாதிப் பேர் கேட்பார்கள்.

எழுதிவைத்த வசனம் கிடையாது. கேள்விகளை அம்மா பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் யோசித்து வைப்பாள். அப்பாவிடம் மூச்சு விடமாட்டாள். தெரிந்துவிட்டால் பதில் செத்துப்போகும் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவு முடிந்த பிறகும் அப்பா வேஷத்தைக் கலைக்கமாட்டார். வீடு வந்து சேரும்வரை அம்மா எதைக் கேட்டாலும் கோணப் பதில்தான். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

நான் கோயம்புத்தூரில் எம்.ஏ. மொழியியல். ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது எல்லோரும் மலைவாழ் மக்கள் மொழி, சங்க இலக்கியம் என்று பெரிது பெரிதாகச் சொன்னார்கள். நான் கெத்தாக எழுந்து, எங்கள் அம்மா அப்பா நாடகத்தில் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். பழைய பதிவுகளை எல்லாம் வாங்கி, சொல் சொல்லாக, மூச்சு மூச்சாக எழுத்தில் இறக்கினேன்.

ஓர் உதாரணம். அம்மா கேட்கிறாள்: "ஏங்க, ஒங்க தங்கச்சி வாறாளாம். மத்தியானத்துக்கு என்ன வைக்க?" அப்பா சொல்கிறார்: "மூணு மணி பஸ்ஸுல கூட்டமே இருக்காதுளா."

மேலே பார்த்தால் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒட்டே இல்லை. ஆனால் தங்கச்சி மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம் என்று அவர் சொல்லாமல் சொல்கிறார். அந்த இடைவெளியை நாமே தாண்டுகிறோம். தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்ததும் சிரிப்பு வருகிறது. அப்பாவின் கோணப் பதில் ஒன்றுகூட நிஜமாகச் சம்பந்தமில்லாதது இல்லை என்பதுதான் என் கண்டுபிடிப்பு. எங்கேயோ ஒரு நூல் ஓடும். ஃபோனில் இதை அப்பாவிடம் பீற்றிக்கொண்டபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நான் என்னத்த பாலமா கட்டுதேன்? ஆத்துக்குள்ள ஒரு கல்லப் போடுதேன். ஒங்கம்மா தாவி வந்துருவா. அவளப் பாத்து ஊரும் தாவுது."

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அம்மா கேள்வியை முடித்த பிறகு அப்பா உடனே பேசமாட்டார். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் சும்மா இருப்பார். எந்தப் பதிவை எடுத்தாலும் அந்த மௌனம் இருக்கும். அம்மாவின் கடைசி எழுத்தைக்கூட அவர் மிதித்ததில்லை.

பிறகு அந்த ஞாயிறு. நான் விடுதியில் இருந்தேன். நடந்ததெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. அன்றைக்கு அப்பாவுக்குப் பதில் அப்படி ஓடியதாம். அம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிற பையன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டானாம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, ஜங்ஷன் பஸ்ஸில் ஏறலாமா டவுண் பஸ்ஸில் ஏறலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா "செரி" என்றார். அம்மா சிரித்தாள். ஜன்னலோரம் வேண்டுமா என்றாள். "செரி." அதற்கும் சிரித்தாள். புதுசாக ஒரு விளையாட்டைப் பிடித்துவிட்டார் என்று நினைத்து வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டில் மத்தியானம் படுத்துத் தூங்கினார். சாயங்காலம் காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அம்மாவின் சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று. மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டால் ஆரம்பத்திலேயே போடவேண்டிய ஊசி ஒன்று இருக்கிறதாம், நேரம் தாண்டிவிட்டால் போட முடியாதாம். காலையில் பேசியதை நன்றாகப் பேசியதில் சேர்ப்பதா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அந்தப் பதிவு ஒலிபரப்பாகிவிட்டது. நிலையத்துக்கு யாரும் சொல்லவில்லை, சொல்கிற நிலையில் யாரும் இல்லை. அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டு அல்வாக்கடை அண்ணாச்சி ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஏதோ காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார். வார்டு வாசலில் நின்றபடியே, "இந்த வாரம் கொன்னுட்டேரு வே, கடையில ஒரு பய வேல பாக்கல" என்றார். அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. பசிக்கிறதா என்றால் செரி. பசிக்கவில்லையா என்றால் செரி.

விடுமுறையில் வந்த நான் ஒரு காலையில் கடைசிப் பதிவைத் திறந்து காதில் மாட்டினேன். முதல் மூன்று பதில்கள் சுத்தமாக இருந்தன. நூல் இருந்தது, அந்த மௌனம் இருந்தது. நான்காவதாக அம்மா, "ஏங்க, மோட்டார் ஓடுது, தொட்டி நெறஞ்சிட்டான்னு கொஞ்சம்..." என்று இழுக்கிறாள். அவள் முடிக்கவில்லை. அப்பா குறுக்கே விழுந்து, "ஒவரி கருவாடு காயுது" என்கிறார். அவளுடைய சொல்லின் மேலேயே அவர் குரல் ஏறிக் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எங்கள் வீட்டுத் தொட்டிக்கும் உவரிக் கடற்கரைக் கருவாட்டுக்கும் நடுவில் நான் எல்லா வழியிலும் தேடினேன். நூல் இல்லை. அம்மா மட்டும் எப்படியோ தாவிவிட்டாள். அவள் சிரிப்பு வெடித்துக் கேட்கிறது.

நிமிர்ந்தபோது அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஏட்டி, நீதான அதப் படிச்சிருக்க. நெசத்தச் சொல்லு. அங்கன வச்சே ஆரம்பிச்சிட்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

"பால்காரரு இன்னும் வரலியேம்மா" என்றேன்.

அம்மா ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் பேசாமல் நின்றாள். பாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. இந்த மாதிரிப் பதிலுக்கு எதிர்ப்பக்கம் நின்றே அவள் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். நான் போட்ட கல்லில் கால் வைத்து அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் சிரிச்சது அதுல கேக்குதா?" என்றாள்.

"கேக்குதும்மா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அப்பாவிடம் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். அவர் செரி என்றார். அவள் அங்கேயே நின்று, இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆய்வேட்டில் கடைசிப் பதிவை நான் சேர்க்கவில்லை. புதன்கிழமை காலை அவர்களுடைய நேரத்தில் இப்போது அணைகளின் நீர்மட்டம் வாசிக்கிறார்கள்.