ஸ்டெதாஸ்கோப்புக்குள் அருவி

நர்சிங் சொல்லிக்கொடுப்பது சுகமான வேலைதான், குற்றாலத்தில் சாரல் தொடங்கும்வரை. தொழிற்கல்வி வகுப்பெடுத்து நொந்திருக்கும் உங்களுக்கு நான் என்ன விளக்குவது! ஆனி பிறந்தால் எங்கள் பிளஸ் ஒன் வகுப்பறை மேகத்துக்குள் போய்விடும். ஜன்னலில் மலை தெரியாது, பிள்ளைகள் முகத்தில் பாடமும் தெரியாது.

நோயாளி வேஷம்

எங்கள் லேபில் ஒரே கட்டில். ஒருத்தி நோயாளியாகப் படுக்க, மற்றவர்கள் அவளை எழுப்பாமல் விரிப்பு மாற்ற வேண்டும். மற்ற நாளில் படுக்க வெட்கப்படுவார்கள்; சாரலடித்தால் போட்டிதான். அன்று பண்பொழியிலிருந்து வரும் ரஹ்மத் படுத்தாள். விரிப்பை மாற்றினோம், புரட்டினோம், போர்த்தினோம். அவள் கண்ணைத் திறக்கவில்லை. குளிர்காற்று, ஓட்டில் தூறல், எனக்கே கொட்டாவி. நிஜமாகவே தூங்குகிறாள் என்று தெரிந்ததும் அதட்டினேன். பக்கத்தில் நின்றவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மெதுவா டீச்சர், நோயாளிக்கு ஓய்வு முக்கியம்னு நீங்கதான சொன்னிய."

மாரிச்செல்வியின் காது

மாரிச்செல்வியின் அப்பா மெயின் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வீடும் பக்கத்திலேயே. பிரஷர் பார்க்க ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினால், எல்லோருக்கும் கேட்கிற 'டொக் டொக்' அவளுக்கு மட்டும் கேட்காது. அதிகாரிகளின் அடுத்த ஆய்வுக்குள் தேறாவிட்டால் வேறு குரூப்புக்கு மாற்றிவிடுவதாக ஹெச்.எம். சொல்லிவிட்டார். மாரிக்கோ நர்ஸ் ஆவதைத் தவிர வேறு கனவே கிடையாது. எனக்கும் அவளை விட மனசில்லை.

"என்னதாம்ட்டி கேக்கு?" என்றேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "அருவிதான் டீச்சர் கேக்கு. தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கு."

எண்ணெய்க் குப்பி

மாரியின் அப்பாவிடம் பேசலாமென்று ஒரு சனிக்கிழமை அருவிக்குப் போனேன். தண்ணீர்ப்புகைக்குள் ஆட்கள் கனவில் வருகிறவர்கள்போல் வந்து மறைந்துகொண்டிருந்தார்கள். நான் அங்கே எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரி சட்டென்று எழுந்து ஓடி, அப்பாவிடம் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கூப்பிட்டாராம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இந்த இரைச்சலில் எப்படிக் கேட்டது என்று அவள் காதருகே கத்தினேன். "அருவி அதுபாட்டுக்கு விழட்டும்னு விட்டிருவேன் டீச்சர். அதுக்குள்ள அப்பா குரல் தனியா வரும்."

ஆய்வு

எங்கள் பள்ளிக்கு அதிகாரிகள் சாரல் காலத்தில்தான் ஆய்வுக்கு வருவார்கள். ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அருவியில் குளித்த தலை ஈரத்தோடு வந்த அதிகாரி, "எனக்கே பாரும்மா" என்று கட்டிலில் சாய்ந்தார். மாரி அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவதற்குள் குறட்டை. வெளியே மழை வேறு வலுத்தது. மாரி பரிதாபமாக என்னைப் பார்த்தாள். "அருவிய விரட்டாத. அதுக்குள்ளயே தேடு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். பட்டையில் காற்று மெல்ல இறங்கியது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம்தான் அவளைக் குழப்பப் போகிறதென்று பயந்தேன். "நூத்தி அம்பது, தொண்ணூறு" என்றாள். நானும் பார்த்தேன், அதேதான். விழித்துக்கொண்ட அதிகாரி, போன வாரம் அவருடைய டாக்டரும் அதையே சொன்னதாக ஒப்புக்கொண்டார். ஹெச்.எம். தலையசைத்தார். மாரி காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். "அப்பா கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு டீச்சர்."

மாரி குரூப் மாறவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து யார் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலும் அருவி கேட்கிறது.