அவலூர்பேட்டை வேனைத் தண்டவாளத்தில் ஏற்றினோம்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு இளம்பெண் எங்கள் பட்டறைக்கு வந்து, "ஒரு பழைய வேனைத் தண்டவாளத்துல ஓடுற மாதிரி மாத்தித் தரணும், முடியுமா?" என்று கேட்டபோது, இடம் மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பட்டறை திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது. தகர ஷெட்டில் பாதி என்னுடையது. வண்டி ரிப்பேரும் வெல்டிங்கும். மறுபாதி பாயுடையது, இரும்பு கடையும் லேத். நடுவில் சுவர் கிடையாது. என் பக்கம் வருகிற வேலை எப்படியும் அவர் பக்கம் போய்த்தான் திரும்பும் என்பதால் சுவர் எழுப்ப இருவருக்கும் தோன்றியதில்லை.

வந்தவர், புது ரயில் பாதை போடும் ஒரு காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியர். வேலை நடக்கும் இடம் எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஆறு கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. இன்னும் எந்த ரயிலும் ஓடவில்லை. பக்கத்தில் சாலை இல்லை. இரண்டு பக்கமும் ஏரியும் வயலும். ஆட்களையும் போல்ட்டையும் தண்ணீர் கேனையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேரும்போது வேலை செய்யத் தெம்பு இருப்பதில்லை.

"ஓடுற வண்டியா இருந்தா போதும். சக்கரத்த மட்டும் மாத்தணும்" என்றார்.

பாய் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். "ரயில பாத்திருக்கேன் மேடம். குனிஞ்சி அடியில பாத்ததில்ல" என்றார்.

மறுநாள் நாங்கள் திண்டிவனம் போய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். இரண்டு ரயில்கள் வந்து போயின. ஒரு போலீஸ்காரர் வந்து இன்னா பாக்கறீங்க என்று கேட்டார். சக்கரம் என்றேன். அவரும் கொஞ்சநேரம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி சுலபமாகக் கிடைத்தது. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் இடையே ஷேர் வேன் ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் வேனுக்கு அந்த வருடம் எஃப்.சி. கிடைக்கவில்லை, இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காண்டிராக்டருக்கு விற்க ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கே ஓடினாலும் தான்தான் ஓட்டுவேன் என்றார்.

"வேற எவன் கைக்கும் ரெண்டாவது கியர் வுழாது" என்றார். அது உண்மை. நான் போட்டுப் பார்த்தேன். விழவில்லை.

மேடம் தள்ளுவண்டிகளிலிருந்து கழற்றிய நான்கு இரும்புச் சக்கரங்களை அனுப்பிவைத்தார். உள்பக்கம் விளிம்பு வைத்தவை. அந்த விளிம்புதான் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்துக்கொள்கிறது. தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. வேனின் சக்கரங்களுக்கு இடையே அதைவிட ஓரடி குறைவு. சக்கரத்தை மட்டும் மாற்றும் வேலைக்கு ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஓரடியை ஈடுகட்ட, பாய் நான்கு சக்கரத்துக்கும் உள்பக்கம் வைக்க இரும்புக் கட்டைகள் கடைந்தார். நான் பிரேக் லைனையும் கைப்பிரேக் கேபிளையும் கழற்றி நீட்டிக் கட்டினேன். முன் அச்சு இடம் வலம் திரும்பக்கூடாது என்பதால் இரண்டு பட்டை வைத்து நேராகவே வெல்டு செய்துவிட்டேன். ஸ்டீரிங்கை எடுத்து ஷெட்டின் மூலையில் வைத்தேன்.

டிரைவர் அண்ணன் வந்து கதவைத் திறந்து பார்த்தார்.

"ஸ்டீரிங் எங்க?"

"தேவயில்லண்ணா. தண்டவாளமே திருப்பிக்கும்."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"கியரு, கிளட்ச்சு, பிரேக்கு."

சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். பிறகு முழங்காலில் வைத்தார். பிறகு ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். இறங்கி டீ குடிக்கப் போனவர் அன்று திரும்பி வரவில்லை.

"மாட்டிடுப்பா" என்றார் பாய்.

மாட்டினேன். அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை, சும்மா சுற்றும். மறுநாள் அண்ணன் வந்து பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். அது எதோடும் சேரவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அதைப்பற்றி யாரும் பேசவில்லை. மேடம் கேட்டபோது மட்டும் பாய், "புடிச்சிக்க ஒரு கம்பி வேணுமில்ல" என்றார்.

ஷெட்டுக்கு வெளியே இரண்டு துண்டுத் தண்டவாளத்தைப் போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றினோம். எட்டடி முன்னால் போனது, எட்டடி பின்னால் வந்தது. அதற்குள் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செல்போனில் படம் எடுத்தார்கள். ரிட்டயரான வாத்தியார் ஒருவர், எந்த ஊர் வரைக்கும் விடுகிறார்கள் என்று விசாரித்தார். பூக்கடை அம்மா, அனந்தபுரத்தில் நிற்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. மதியம் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டி அனுப்பிவிட்டு, நானும் பாயும் அண்ணனும் பஸ்ஸில் பின்னால் போனோம்.

முதல் ஓட்டம் நன்றாகவே இருந்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டர். டயர் இல்லாததால் தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகுத்தண்டில் தெரிந்தது. வளைவு வரும்போதெல்லாம் அண்ணன் ஸ்டீரிங்கை அளவாகத் திருப்பினார். எதிரே யாருமில்லாத இடத்தில் ஹாரனும் அடித்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் டீ குடிக்க நிறுத்தினோம். நாங்கள் மூவரும் பிளாஸ்க்கோடு இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்றோம். மேடம் முன்சீட்டிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வண்டி போவுது" என்றார் அண்ணன், சாதாரணக் குரலில்.

போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அந்த இடத்தில் சரிவு இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ரப்பர் டயராக இருந்தால் நின்றிருக்கும். இரும்பின்மேல் இரும்பு உருள்வதற்குச் சரிவு என்று ஒன்று இருந்தாலே போதும். கைப்பிரேக் போட்டுத்தான் இருந்தது. ஆனால் கேபிளைத் திரும்பக் கட்டியவன் நான். ரோட்டில் நிற்கிற அளவுக்குத்தான் இறுக்கியிருந்தேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். நானும் பாயும் ஓடினோம். ஜல்லியில் கால் புரண்டது. பாய் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். முதலில் நடக்கிற வேகத்தில் போன வேன் இப்போது சைக்கிள் வேகத்தில் போனது. வேனுக்கு முன்னால் சிறிது தூரத்தில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் அங்கே முடிந்துவிடும். அது என் மனதுக்கு வந்ததும் கால் தடுமாறி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே, "மேடம், பிரேக்க மிதிங்க" என்று கத்தினேன். மேடம் திரும்பிப் பார்க்காமல், சரி என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பின்கதவைப் பிடித்து, தொங்கி, உள்ளே ஏறினார். சீட்டுகளைத் தாண்டிப் போவது வெளியிலிருந்து தெரிந்தது. இருபது வருடம் ஆட்களை நெருக்கி உட்காரவைத்த வண்டி அது. எங்கே கால் வைக்க இடமிருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிரேக் விழுந்ததும் சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. இரும்பு அரைக்கிற சத்தத்தோடு வழுக்கிக்கொண்டே போய், கடைசியாக நின்றபோது தண்டவாளம் முடிய நாலு ஸ்லீப்பர் கட்டைதான் மீதியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடம் இறங்கித் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"டிரயல்னு நெனச்சேன்" என்றார். "நிமிந்து பாக்காம எழுதிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் ஏறிட்டீங்க, பின்னாடியிருந்து ஏதோ சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் இன்னும் சீட்டில்தான் இருந்தார். ஸ்டீரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்திருந்தார். அதை விடச் சொல்லி இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

தப்பு என்னுடையது என்று மேடத்திடம் சொன்னேன். அவர் நோட்டை நீட்டினார். 'சத்தம் இல்லை, மிக நன்று' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கோணல்மாணலாக, 'கைப்பிரேக் மாற்ற வேண்டும்.'

"எழுதியாச்சுண்ணா" என்றார்.

வீட்டில் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு எதனா ஆயிருந்தா?" என்று என் மனைவி கேட்டாள். நல்லவேளையாகப் பதிலுக்குக் காத்திருக்காமல் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பிறகு இரண்டு மூன்று நாள் பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் கல் வைத்தேன்.

பாய் புது பிரேக் ஒன்று செய்தார். வேலமரக் கட்டைகள் இரண்டு. ஒரு திருகுக் கைப்பிடியைச் சுற்றினால் கட்டைகள் நேராகச் சக்கரத்தை அழுத்தும். அதோடு சக்கரத்துக்கு அடியில் செருக, சங்கிலி கட்டிய இரண்டு ஆப்பு. நிறுத்தியதும் ஆப்பு வைக்காமல் யாரும் டீ குடிக்கக்கூடாது என்று மேடம் எழுதி, டேஷ்போர்டில் ஒட்டினார்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. தண்டவாளத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. ஆறு கிலோமீட்டர் போனால் ஆறு கிலோமீட்டரும் ரிவர்ஸில்தான் வரவேண்டும். பத்து நாளில் அண்ணன் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு வந்தார். பாய் பழைய கரும்பு டிரெய்லர் ஒன்றிலிருந்து, முன்சக்கரம் திரும்புகிற இரும்பு வளையத்தைக் கழற்றி வேனின் அடியில் நடுவாக மாட்டி, அதன்கீழ் ஒரு ஜாக்கி வைத்தார். ஜாக்கியை ஏற்றினால் வண்டி முழுவதும் ஒரு விரற்கடை அந்தரத்தில் நிற்கும். இரண்டு பேர் தள்ளினால் அப்படியே திரும்பிக்கொள்ளும். அண்ணன் உள்ளே உட்கார்ந்தபடியே சுற்றி வந்தார். அன்று அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

கொஞ்சநாள் கழித்துப் பாதையைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். நானும் அன்று கிரீஸ் வைக்கப் போயிருந்தேன். வேனைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது இன்னா வண்டி?"

"டிராலி சார்" என்றார் மேடம்.

"டிராலிக்கு எதுக்கு ஸ்டீரிங்?"

"பழக்கம் சார்" என்றார் அண்ணன்.

அதிகாரி ஏறி உட்கார்ந்தார். கடைசி வரை போனோம். வளைவுகளில் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும், இதற்கெல்லாம் அனுமதி கிடையாது, தான் இதைப் பார்க்கவில்லை என்றார். அவருடைய ஜீப் மறுமுனையில் நின்றது. வெயில் ஏறியிருந்தது. அவர் பார்க்காத வண்டியிலேயே அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டோம். பாதை வேலை முடிகிற வரைக்கும் வேன் ஓடியது.

காண்டிராக்டரின் அடுத்த வேலை கர்நாடகாவில். வேனையும் லாரியில் ஏற்றினார்கள். அண்ணனும் போனார். "அங்க ஃபேன் போட்டு ரூம் குடுக்கறாங்களாம்" என்று அவர் மனைவி எங்களிடம் சொன்னார். அவரை அனுப்புவதில் அந்த அக்காவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மேடம் கல்யாணமாகி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு ஆப்பு வைக்கிற விஷயத்தை அண்ணன் மூலம் சொல்லச் சொல்லி எங்களுக்குப் போன் செய்தார்.

போன மாதம் அண்ணன் கூப்பிட்டார். இடது பின்சக்கரத்தின் விளிம்பு தேய்ந்துவிட்டதாம். பாய் அளவு கேட்டார். "ஒரு சாண், நாலு வெரல்" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு டேப்பை வாங்க வைத்து அளவெடுத்து, பாய் புதிதாக ஒன்று கடைந்தார். பார்சல் லாரியில் போட்டோம். ஐந்து நாள் கழித்து போட்டோ வந்தது. வேனுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்னால் ஏதோ கன்னடத்தில் போர்டு. வேனின் முன்னால் ஏழெட்டுப் பேரோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார், கொஞ்சம் குண்டாகியிருந்தார்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினார். அண்ணனை ஒதுக்கிவிட்டுச் சக்கரத்துக்கு வந்தார்.

"மேல் நட்டு சரியா ஒக்காரல. போன போடு" என்றார்.

போட்டேன். அண்ணன் உடனே எடுத்து, வண்டியை நிறுத்தி ஆப்பு வைத்துவிட்டுப் பார்க்கிறேன், லைனிலேயே இருங்கள் என்றார். ஸ்பானரைத் தேடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் லைனிலேயே இருந்தோம்.