உடைந்த கைக்குக் கட்சி கேட்டவர்கள்

எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பதா கேரளத்தோடு சேர்ப்பதா என்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில், நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு டீச்சராக இருந்தேன். இருபத்தாறு வயது. எந்தக் கட்சியிலும் நான் இல்லை. அதைச் சொன்னால், "அப்ப டீச்சருக்கு அரசியல் வேண்டாம், இல்லியா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ் வகுப்பை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் நான். ஒரு நிலக்காரர் கூலிக்காரரின் குடிசையைப் பிரித்துப் போட்டபோது தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அதெல்லாம் அரசியல் இல்லையாம். கொடி பிடித்து, எவரோ எழுதிக் கொடுத்த கோஷத்தைத் திருப்பிச் சொன்னால்தான் அரசியலாம்.

ஒரு கடையடைப்பு நாள். மத்தியானப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்று அழுதாள். தென்னை ஏறித் தேங்காய் வெட்டுகிற ஒருவரின் மனைவி. அவர்களுடைய மகள் என் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, எனக்க மாப்பிளைய போலீசு அடிச்சுக் கொண்டு போச்சு. அவரு ஊர்வலத்துக்குப் போகல்ல டீச்சரே. தெங்கு ஏறியிட்டு வந்தவராக்கும்."

நடந்தது இதுதான். உதியன்குளங்கரை முக்கில் தமிழ்ப் பக்கத்தார் நடத்திய ஊர்வலத்தைப் போலீஸ் விரட்டியது. ஊர்வலத்தார் ஓடிவிட்டார்கள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த இவர் ஓடவில்லை. ஓட அவருக்கு என்ன காரணம் இருந்தது? இடுப்பில் தேங்காய் வெட்டும் கத்தி இருந்தது. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. லத்தியைத் தடுக்க உயர்த்திய வலது கை மணிக்கட்டில் உடைந்துவிட்டது.

நானும் அந்தப் பெண்ணும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு எங்களை உட்காரச் சொல்லவில்லை. "ஏது பார்ட்டியா?" என்று மலையாளத்தில் கேட்டார், எந்தக் கட்சி என்று. எந்தக் கட்சியும் இல்லை, தென்னை ஏறுகிறவர் என்றேன். "அப்ப நீ?" நானும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கட்சிக்காரியாக இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்று மாலையே தமிழ்ப் பக்கத்துத் தலைவராக இருந்த வக்கீலின் வீட்டுக்குப் போனேன். எங்கள் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரியும்.

"அந்த ஆளு நம்ம மெம்பரா மக்கா?" என்றார்.

"இல்ல ஸாரே."

"அது சாரமில்ல, பரவாயில்ல. தமிழுக்காக ஊர்வலத்தில போயி அடி வாங்கினேன்னு எழுதித் தரச் சொல்லு. நாளைக்கே ஜாமீன் எடுத்துத் தாறேன்."

"அவரு போகவே இல்ல ஸாரே. கத்தியோட ஊர்வலத்தில போனேன்னு எழுதிக் குடுத்தா கேஸு என்ன ஆவும்? நீங்க வக்கீலாக்கும். நான் சொல்லித் தரணுமா?"

அவர் முகம் மாறியது. "ஒரு காரியத்துக்கு நாலு பேரு கஷ்டப்படத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கஷ்டப்படுகிற அந்த நாலு பேரில் அவர் எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் காலை எதிர்ப்பக்கத்துத் தலைவரைத் தேடிப் போனேன். தாலுகா முழுவதும் கேரளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவர். டீக்கடை பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலேயே, "அது தமிழ் ஆளுகளுக்க காரியமல்லே டீச்சரே? அங்கோட்டு போயி கேளுங்க" என்றார்.

"உங்க தோப்பில பத்து வருஷமா அவருதானே ஏறுதாரு? தேங்கா வெட்டும்பம் தமிழா மலையாளமான்னு கேட்டியளா?"

கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பாஷையும் பேசுகிற வாய்கள்தான் அத்தனையும்.

பிறகு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, அவர் கடைசியாக மரம் ஏறிய வீட்டுக்குப் போனேன். மலையாளம் பேசுகிற வீடு. அந்த வீட்டுக்காரியை அதற்கு முன் எனக்குத் தெரியாது. முற்றத்தில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டதும் காலைக் கழுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். "உச்ச வரெ என்றெ தெங்ஙின்மேலாயிருந்நு. ஞான் வந்நு பறயாம்" என்றாள். மத்தியானம் வரை என் மரத்தின்மேல் இருந்தவர், நான் வந்து சொல்கிறேன் என்று. யாருடைய அனுமதியும் அவள் கேட்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். தமிழர்களும் மலையாளிகளுமாகப் பதினேழு பேர் நெய்யாற்றின்கரை கோர்ட்டு வாசலில் போய் நின்றோம். மூன்றாம் நாள் அவரை விட்டார்கள்.

மூன்று நாளாக அந்தக் கையை எவனும் தொட்டுப் பார்க்கவில்லை. முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், இனி மரம் ஏறுகிற எண்ணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மைதானத்தில் தமிழ்ப் பக்கத்தார் கூட்டம் போட்டார்கள். 'தமிழுக்காகக் கை தந்த வீரர்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. போனேன். மேடையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் பெரிய மாலை. கட்டுப் போட்ட கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடிமேல் எடுத்து வைத்தது அவராக இருக்காது. வக்கீல் அந்தக் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். குரல் தழுதழுத்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் போய் நின்று கத்தினேன்.

"ஸாரே, அவரு ஸ்டேஷனில கிடந்த மூணு நாளும் நீங்க எங்க இருந்திய? அவரு ஊர்வலத்துக்கே போகல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கேரளத்துக்காரனுக்க ஆளு! அவள வெளிய தள்ளுலே!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. என் தோளைப் பிடித்துத் தள்ளியவன் நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன். செருப்பு ஒன்று போயிற்று. மேடையில் மாலையோடு அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு டீச்சரே அப்படிச் செய்திய? அவருக்க ஆயுசில ஒருத்தன் கசேரி போட்டு இருத்தினது அண்ணைக்காக்கும். பொய்யிண்ணு எங்களுக்கும் தெரியும். நீங்க அவருட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

கேட்கவில்லை. வக்கீல் கேட்காதது போலவே நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன வேண்டும் உங்களுக்கு என்று அவரிடமே கேட்டேன். வேலைக்கு மனு எழுதச் சொல்வார், போலீஸ்மேல் கேஸ் போடச் சொல்வார் என்று காகிதமும் எடுத்துப் போயிருந்தேன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மகள மலையாளம் கிளாசில மாத்தி எழுதித் தாருங்க டீச்சரே. நமக்க பாஷ நல்லதுதான். ஆனா ஸ்டேஷனில அந்த ஏட்டு மலையாளத்தில கேட்டதுக்கு எனக்கு நேரா பதில் சொல்லத் தெரியல்ல. ஆபீசு, கோர்ட்டு எல்லாம் அவங்களுக்க கையிலயாக்கும். அவளாவது நின்னு பேசட்டும்."

தமிழ் வகுப்புக்காக ஊர் முழுக்க நடந்தவளிடம் அவர் கேட்டது அது. எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. இன்னொரு காகிதம் எடுத்து மறுபடி எழுதினேன். கோபம் அவர்மேல் இல்லை. ஒருவன் தன் பிள்ளைக்குத் தாய்மொழியை வேண்டாம் என்று சொல்லும்படி அடித்த லத்திமேல், அடித்ததை மாலையாக்கிப் போட்டவர்கள்மேல், பத்திரிகையை மடக்காதவர்மேல்.

திங்கட்கிழமை அந்தச் சிறுமி, வகுப்புகளைப் பிரிக்கிற மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாள வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அந்த மாதக் கடைசியில், மேடைக் கலாட்டாவுக்காக மேனேஜர் என்னைப் பெருங்கடவிளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். எல்லை கடைசியில் எங்களைக் கேரளத்தில் விட்டுவிட்டுப் போனது. புது ஊரில் சேர்ந்த முதல் நாள், அங்கிருந்த தலைமை ஆசிரியர் காகிதங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், டீச்சர் யாருடைய ஆள் என்று. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் ஸாரே, எந்த வகுப்பு என்று காட்டுங்கள் என்றேன்.