கோட்டைத் தாண்டிய இரண்டு சாண்

மராத்தி பேசும் ஊரான ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் கலியன் பத்தொன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். விழுப்புரத்துக்காரர். கேட்டால் பேசுவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

ஒரு ஜூலை மத்தியானம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பினார். நகர் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக் பிடித்தார். மழைத் தரையில் வண்டி வழுக்கி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது. பின்னால் வண்டிகள் நெருக்கிவிட்டதால் பின்வாங்க வழியில்லை. அப்போது குறுக்குச் சாலையிலிருந்து போன் பேசிக்கொண்டே திரும்பிய கார் ஒன்று வேகத்தைக் குறைக்காமல் வந்து அவர்மேல் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

கார்க்காரர்மேல் போலீஸ் வழக்குப் போட்டது. நான்காம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த கலியனின் போனுக்கும் ஒரு சலான் வந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டியதற்கு ஐந்நூறு ரூபாய். கூடவே கேமரா எடுத்த படம். அவர் உடனே கட்டிவிட்டார்.

"கால ஒடச்சவன் வெளிய சுத்தறான். நீங்க எதுக்குக் கட்டுனீங்க?" என்றார் மனைவி ரமா.

"தாண்டுனது நெசந்தானே."

இழப்பீட்டு வழக்கை எடுத்துக்கொண்டவர் வக்கீல் அகல்யா. பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் வரும், தடுக்கித் தடுக்கி.

"அண்ணா, சலான் கட்டிட்டேளா? அரே! அவாளே தப்பை ஒத்துண்டான்னு இன்ஷ்யூரன்ஸ் வக்கீல் சொல்வார்."

"கார்க்காரரும் கோர்ட்ல தப்ப ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டாராமே, மேடம். அதோட முடியலியா?"

"அது வேற கோர்ட். அவர் அங்க கட்டினார்னா இங்க நாம ஜெயிச்சுட்டோம்னு இல்ல. அது ஒரு ஆதாரம், பஸ், அவ்வளவுதான். யாரோட கவனக்குறைவால கால் உடைஞ்சதுன்னு இந்த ஜட்ஜ் தனியாப் பார்ப்பார். உங்க சலானும் அப்படித்தான்."

கலியன் தலையாட்டினார். தன் சலானும் கார்க்காரரின் அபராதமும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருப்பது அவருக்கு என்னவோ போலிருந்தது.

விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. கார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் மராத்தியில் கேட்டார். கலியனும் மராத்தியிலேயே பதில் சொன்னார்.

"கோட்டைத் தாண்டினீர்களா?"

"தாண்டினேன்."

அகல்யா பேனாவை மூடினார்.

"எவ்வளவு?"

கலியன் யோசித்தார். சாட்சிக் கூண்டின் கைப்பிடியில் விரல்களை விரித்து அளந்து காட்டினார். "இரண்டு சாண்."

"கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தால் அடிபட்டிருக்காது, இல்லையா?"

"பட்டிருக்கும். பக்கத்தில் நின்ற பால்காரர் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றார். கார் அவரையும் தள்ளியது. கேன் உருண்டு பால் பூராவும் கொட்டிவிட்டது."

நீதிபதி, சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய பஞ்சநாமாவைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: நிறுத்தக் கோட்டுக்குப் பின்னே ஐந்தடி தூரத்துக்குப் பால் சிந்திக் கிடந்தது. இரண்டு வருஷமாக அந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்ஷ்யூரன்ஸ் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அகல்யா கேட்டார்: "பால்காரர் விஷயத்தை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலியே, மேடம்."

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. கோட்டைத் தாண்டியது விதிமீறல். ஆனால் கால் உடைந்ததற்கு அது காரணமல்ல. தவறு முழுவதும் கார் ஓட்டியவருடையது. இழப்பீட்டில் பிடித்தம் எதுவும் இல்லை. அகல்யா போனில் படித்துக் காட்டியபோது கலியன் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடியது.

எலும்பு சேர்வதற்காகக் காலில் வைத்திருந்த கம்பியை எடுத்தார்கள். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் பெடலை நாள் முழுக்க அழுத்த அந்தக் கால் தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அவரை ஸ்டோர்ஸில் மேஜை வேலைக்கு மாற்றியது.

முதல் வாரம் வீட்டுக்கு வந்து சொன்னார்: "உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்கறது கூச்சமா இருக்குது."

"பழகிடும்," என்று ரமா தட்டை வைத்தார்.