சட்டத்தரணியிடமும் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். மொன்ட்ரியாலில் வில்லரே பகுதியிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பிலிருந்து வந்து, பிரெஞ்சு படித்து, இங்கே கற்பித்தல் அனுமதி எடுக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. அது பறிபோகும் நிலைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று கடைசிப் பாடம். பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி நான் பிரெஞ்சு பேசுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. வெளியே போகச் சொன்னேன், அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கதிரையோடு சரிந்து விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது.

ஆசிரியை தன்னைத் தூக்கி எறிந்தார் என்று அவள் முறையிட்டாள். கையை மெல்லத்தான் பிடித்தேன், எழும்பும்போது கால் வழுக்கி விழுந்தாள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாளே பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு கடிதம் வந்தது: என் அனுமதியை ரத்துச் செய்வதா என்று விசாரணைக் குழு ஒன்று தீர்மானிக்குமாம்.

கணவரிடமும் அதே கதையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது. மகளுக்குத் தெரியக்கூடாது என்று தினமும் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு இறங்குவேன். அவளை விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறி, எங்கேயாவது இறங்கி, பொழுதைப் போக்கிவிட்டு வருவேன்.

ஆசிரியர் சங்கம் எனக்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்தித் தந்தது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவரிடமும் அதே கதையைத்தான் சொன்னேன். மூன்றாவது சந்திப்பில் பேனாவை வைத்துவிட்டு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான்தான் அந்தப் பிள்ளை. எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு காட்டுங்கோ."

அவர் நீட்டிய கையைப் பிடித்தேன். மெல்லத்தான் பிடிக்க நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. என் விரல்கள் தாமாகவே இறுகின. சட்டென்று கையை விட்டேன்.

"அவள் வழுக்கல்ல. கோவத்தில நான்தான் இழுத்துட்டன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தூக்கி எறிஞ்சதெண்டு அந்தப் பிள்ளை சொல்லுறது உண்மையில்லை. வழுக்கினதெண்டு நீங்கள் எழுதினதும் உண்மையில்லை. நடந்ததைச் சொன்னால்தான் நான் உங்களுக்காகக் கதைக்கலாம்."

"சொன்னா அனுமதி போயிடாதா?"

"போகலாம் அக்கா. போகாதெண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விசாரணையில சொல்லுங்க, நானும் வாறன்" என்றார் அவர்.

விசாரணையில் அந்தப் பிள்ளையின் தாயும் இருந்தார். முன்பு எழுதிக் கொடுத்தது தவறு, கோபத்தில் இழுத்தேன் என்று என் பிரெஞ்சிலேயே சொன்னேன். நாக்கு தடுமாறியது, யாரும் சிரிக்கவில்லை. பிறகு சட்டத்தரணி என் அத்தனை வருட வேலையையும், முன்பு ஒரு முறைப்பாடும் இல்லாததையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. என் பெயரில் ஒரு கண்டனம் பதிவாகியது. ஆறு மாதம் படிப்பிக்கத் தடை. அனுமதி தப்பியது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்த முடிவு அல்ல. விசாரணை முடிந்த அன்று வெளியே தாழ்வாரத்தில் அந்தத் தாய் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். தன் மகள் வழுக்கி விழுந்தாள் என்று பள்ளியில் சொன்னதை நம்பி, இத்தனை நாளும் அவளைப் பொய்க்காரி என்று தானே ஏசிவந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

இப்போது வேறொரு பள்ளியில் படிப்பிக்கிறேன். அனுமதி போயிருந்தாலும் ஏதாவது வேலை செய்து பிழைத்திருப்பேன். என்னைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையை அவள் தாய்க்கு முன்னால் பொய்க்காரியாக நிறுத்திவைத்திருந்தது என்பதை மட்டும் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.