சூடம் ஏற்றாத கோர்ட்டு

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு மலேசியாவின் ஈப்போ நகரத்துக்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அதே தோட்டம்தான். எழுபதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம், பாய் கடையில் வாங்கிய நாவல் ஒன்றோடு வந்து நின்றார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கங்காணி வெட்டுப்பட்டுச் செத்த வழக்கை யாரோ கதையாக எழுதியிருந்தார்கள். ஆட்களின் பெயர் மட்டும் வேறு.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. எங்கப்பா செஞ்சாரா இல்லையான்னு இதுல இருக்கும்லா."

செத்த கங்காணி அக்காவின் தாய்மாமன். அதற்காகத் தூக்கில் போடப்பட்டவர் அக்காவின் அப்பா. அக்கா அப்போது கைக்குழந்தை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் பண்ணுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். கோர்ட்டில் அவர் சூடம் அணைக்கவில்லை, அதனால் அவர்தான் செய்தார் என்று தோட்டமே முடிவு கட்டிவிட்டது. அக்காவின் அம்மாவும் அதைத்தான் நம்பினார். ஆடி அமாவாசைக்குத் தன் அண்ணனுக்கு மட்டும் இலை போடுவார். புருஷனுக்குப் போட்டதே இல்லை. இப்போது அம்மா படுக்கையில் விழுந்துவிட, இலை போடும் பொறுப்பு அக்காவிடம் வந்திருந்தது.

தினமும் விளக்கு வைத்ததும் அக்கா வீட்டுக்குப் போவேன்.

"சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு கெளம்பிட்டாரு வக்கீலு!" என்று என் மனைவி சிரிப்பாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். விசாரணை வந்த இடத்தில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்கிறார்: ஒரு கட்டி சூடம் கொடுத்தால் இங்கேயே அணைத்துச் சத்தியம் செய்கிறேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்கிறார் நீதிபதி துரை.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டிருக்காரு! எங்கப்பா கேட்டிருக்காரு தம்பி!"

கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது. "குடுத்திருந்தா அணைச்சிருப்பாரா?"

நான் மேலே வாசித்தேன். கைதியை ஏற்றிக்கொண்டு லாரி போகிறது. கதை முடிந்தது.

"நல்லாப் பாருங்க, தாள் ஒட்டிக்கிட்டிருக்கும்."

எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. சூடம் கேட்டது நடந்ததா, எழுதியவர் தானாகச் சேர்த்ததா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. 'அணைச்சிருப்பாருக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆடி அமாவாசை மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு இலைகள் விரித்துக் கிடந்தன. இரண்டிலும் தண்ணீர் தெளித்திருந்தது. அக்கா சோற்றுச் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றார்.

"எதுக்கு மொதல்ல போடறது தம்பி?"

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்கண்ணன் எலைக்குப் போட்டியாடி?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். தாயே, நீயாவது சொல்லேன் என்று வேண்டினேன். வேலியில் காக்கைகள் வந்து கத்திக்கொண்டிருந்தன. சட்டியில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

"போட்டியாடி?"