பொரிக்கிற நாளில் போன கரண்ட்

என் வீட்டுக்காரருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குள் யூடியூபைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு நாட்டுக்கோழிப் பைத்தியம் பிடித்துவிட்டது. மதுரையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், முட்டை பொரிக்கும் மிஷின் வைக்கப் போகிறாராம்! "மொதல்ல நான் போயி ஒரு எடத்தப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒரு பைசா எடுக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவருடைய அலுவலக நண்பர் ஒருவருக்குத் திருவேங்கடம் பக்கம் சொந்த ஊர். அங்கே பேச்சியம்மாள் என்றொரு பெண் வீட்டிலேயே மிஷின் வைத்துக் குஞ்சு பொரித்து விற்கிறார் என்று அவர்தான் சொன்னார். போன கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகக் கிளம்பினேன். இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குத் தனியாகப் போனால்தான் பயணம்.

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் சங்கரன்கோவில். பஸ்ஸில் வந்தால் மூன்று மணிக்கும் மேல் ஆகும், முதுகும் போகும். லாட்ஜ் அறை எழுநூறு ரூபாய். சுத்தம் சுமார், வெந்நீர் உண்டு. புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் திருவேங்கடம் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, மக்காச்சோளம், பருத்தி, நடுநடுவே உளுந்து. மானம் பார்த்த பூமி என்றாலும் கார்த்திகையில் பச்சைப்பசேல் என்றிருந்தது. தூறலும் குளிர்காற்றுமாக, ஸ்வெட்டர் எடுத்து வராத என் புத்தியை நொந்துகொண்டே போனேன்.

ஏழே முக்காலுக்குத் திருவேங்கடம். டீ குடித்துவிட்டு சங்கரபாண்டி என்கிற தம்பியின் ஆட்டோவில் ஏறினேன். குருவிகுளம் பக்கமாக ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். ஏற்கெனவே ஆள் மாற்றி ஆள் வந்து மிஷின் மூடியைத் திறந்து காட்டு என்கிறார்களாம், பேச்சி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் ஆறு வீடுகள். எல்லாம் ஆட்டுக்காரர் குடும்பங்கள். அங்கே கரண்ட் வந்ததே சமீபத்தில்தானாம். பேச்சிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வயல்களில் உரத்துக்குக் கிடை போட ஆடுகளோடு வெளியூர் போயிருந்தார். தமிழ்நாட்டில் கரண்ட் வராத ஊர் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். "ஊருக்கு நான் பொறக்கதுக்கு முன்னாடியே வந்துட்டுக்கா. இந்த ஆறு வீட்டுக்குப் பட்டா இல்லைன்னு கம்பி வரல" என்றார். பட்டா வாங்கி, மனு மேல் மனு போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் விளக்கெரிந்ததாம். அதுவரை செல்போனுக்கு சார்ஜ் போடக்கூட ஊர்க் கடைக்கு நடக்க வேண்டும்.

மிஷின் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். தெர்மாகோல் வைத்த ஒரு பெட்டி, உள்ளே பல்பு, சின்ன ஃபேன், வெளியே சூடு காட்டும் எண். அவ்வளவுதான். ஆனால் அதன் கணக்கைப் பேச்சி சொன்னபோதுதான் அருமை புரிந்தது. கோழி அடைக்குப் படுத்தால் இருபத்தொரு நாள் எழுந்திருக்காது. பொரித்த பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். மறுபடி முட்டையிட மூன்று மாதம் ஆகிவிடும். அந்த அடைகாக்கும் வேலையைக் கரண்ட் எடுத்துக்கொண்டதும், கோழி சீக்கிரமே திரும்ப முட்டையிட ஆரம்பிக்கிறது. ஊரிலும் அக்கம்பக்கத்திலுமாக எட்டு வீட்டுப் பெண்கள் தங்கள் முட்டைகளையும் இவரிடம் தருகிறார்கள். குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி இவருக்கு. ஆடு, மாடு வளர்க்கக் கொடுத்துக் குட்டியில் பங்கு பிரிக்கிற அதே வாரம்தான்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" என்றேன். "பட்டாசுக் கம்பெனி வண்டில போவேன். காலைல ஆறு மணிக்கு ஏறினா வீடு திரும்புத வரைக்கும் உசுரு கையில கெடையாது. மிசினு வந்த பொறவு நின்னுட்டேன்" என்றார். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் நான் தோண்டவில்லை.

நான் போனது பொரித்த குஞ்சுகளைப் பார்க்க. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே 'குஞ்சு' என்று எழுதியிருந்தது. ஆனால் ஓர் அட்டைப் பெட்டியில் மூன்றே மூன்று குஞ்சுகள்தான் இருந்தன. மிச்சம் முட்டையாகவே, எது யாருடையது என்று தெரிய வீட்டுக்கு ஒரு வெங்காய வலைப்பையில் மிஷினுக்குள் கிடந்தன. நூற்று முப்பத்திரண்டு முட்டை. சிலவற்றில் மெல்லிய கீறல். காதை வைத்தால் உள்ளே கீச் கீச் சத்தம்.

"எப்ப வச்சீங்க?" என்றேன்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி புதங்கெழமை."

விரல் விட்டு எண்ணினேன். வைத்த நாளையும் சேர்த்தால் செவ்வாயோடு இருபத்தொன்று. பதினாறாம் நாள், நாற்பத்தெட்டு நாள் விரதம், எல்லாம் நாம் அப்படித்தானே எண்ணுவோம்? ஆனால் முட்டைக்கு முதல் நாள் என்பது வைத்து ஒரு முழு நாள் முடிந்த பிறகுதான். அப்படிப் பார்த்தால் பொரிக்கும் நாள் இன்று. "மொத நா ரெண்டு மூணு வரும், மறுநாதான் மிச்சம் வரும். சோம்பேறிக் குஞ்சுன்னு நெனச்சேன்" என்று பேச்சி சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. "எக்கா, இன்னைக்குக் கரண்ட்டு கெடையாதே!"

அந்த வட்டாரத்துக்கு மாதாமாதம் மூன்றாவது புதன்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. அது தெரிந்துதான், செவ்வாயோடு பொரித்து முடிந்துவிடும் என்று நாள் பார்த்து முட்டை வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாள் எண்ணிக்கையில் பிசகிவிட்டது. ஒன்பது ஐந்துக்கு ஃபேன் சத்தம் நின்றது. எண் அணைந்தது.

வெளியே தூறல், குளிர். எட்டு மணி நேரம். பேச்சி ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தார். சூடு அப்படித்தான் பார்ப்பார்களாம். "இது செத்துதுன்னா நாளைக்குக் கம்பெனி வண்டிதான்கா. எட்டு வீட்டுக்காரியளும் இனிமே முட்டை தரமாட்டாவ" என்றார். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் இதென்ன சோதனை என்று இருந்தது.

பேச்சியின் நாத்தனார் செல்வி இருப்பது கரிவலம்வந்தநல்லூரில். அங்கே கரண்ட் வேறு துணைமின் நிலையத்திலிருந்து வருகிறது. போன் போட்டார். "ஏட்டி செல்வி, அங்கன கரண்ட்டு இருக்கா?" "இருக்கு மதினி, ஏன்?" அவ்வளவுதான். ஆட்டோ இன்னும் போகாமல் நின்றது என் அதிர்ஷ்டம். சங்கரபாண்டி செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டு, இரண்டு பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றினார் பேச்சி. மூடியை அதிகம் திறக்கக் கூடாது, ஈரம் போனால் சவ்வு காய்ந்து குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். ஒரே தடவை திறந்து, பாட்டில்களை உள்ளே வைத்து மூடினார். மேலே ஆட்டுக்காரர் கம்பளியை இரண்டு மடிப்பாகப் போர்த்தினோம். ஒன்பது ஐம்பதுக்கு ஆட்டோ கிளம்பியது. மிஷின் எங்கள் இருவர் மடியிலும். மூன்று குஞ்சுகளும் அட்டைப் பெட்டியோடு என் காலடியில்.

மொத்தம் இருபத்தாறு கிலோமீட்டர். வரும்போது பறந்த சங்கரபாண்டி இப்போது மாட்டுவண்டி மாதிரி ஓட்டினான். "ஏலே, பைய! வேகத்தடை!" என்று பேச்சி கத்த, "தெரியும்க்கா, எனக்கும் கண்ணு இருக்கு" என்று அவன் எரிந்து விழ, ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு வேகத்தடை, எண்ணினேன். ஓர் இடத்தில் செம்மறிக் கூட்டம் வழிமறித்தது. பேச்சி தலையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், மொத்தக் கூட்டமும் ஒதுங்கிவிட்டது.

பதினொன்று ஐந்துக்குச் செல்வி வீடு. டிவி ஒயரைக் கழற்றி பிளக் பாயிண்ட்டைத் தயாராக வைத்திருந்தார். "லைன் தாங்கணும்லா" என்று ஃபிரிட்ஜையும் நிறுத்தியிருந்தார். பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் எண் எரிந்தது. முப்பத்து மூன்று புள்ளி எட்டு. முப்பத்தேழரை வர வேண்டும். மூன்று பெண்களும் ஆட்டோக்காரத் தம்பியும் அந்தச் சின்ன எண்ணையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். முப்பத்தைந்து. முப்பத்தாறு. இருபத்தைந்து நிமிஷத்தில் முப்பத்தேழரை. பேச்சி மிஷினில் காதை வைத்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு கீச். தொடர்ந்து இன்னொன்று.

அப்பாடா! பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்க மாட்டேன். சங்கரபாண்டி மட்டும், "பொரிச்சிட்டுன்னா எனக்கு ஒரு சேவக்குஞ்சு" என்று வாயைத் திறந்தான். பேச்சி அழுதுகொண்டே அவனைத் திட்டினார். அவன் எழுநூறு ரூபாய் கேட்டான், நானே கொடுத்தேன். இந்த முறை பேரம் பேசவில்லை. மத்தியானம் செல்வி வீட்டில் ரசமும் துவையலும். சாயங்காலம் நாலரைக்கு நான் கிளம்பும்போது நாற்பது குஞ்சுக்கு மேல் வெளியே வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. சங்கரன்கோவிலில் கோவிலுக்குப் போக வேண்டுமென்ற திட்டம் போச்சு. கோமதியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ரயிலில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டுக்குக் கம்பி இழுப்பது என்றால் விளக்கும் ஃபேனும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கம்பி ஒரு பெண்ணைப் பட்டாசு வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறது. ஆனால் இறங்கியவர் மறுபடி ஏறாமல் இருக்க, கம்பி வந்தால் மட்டும் போதாது. கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும், நின்றால் சமாளிக்க ஏதாவது கைவசம் இருக்க வேண்டும். பேச்சி இப்போது ஒரு பேட்டரி இன்வெர்ட்டருக்கு மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறார்.

இதேபோல் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல்நாளே சங்கரன்கோவில் வந்து தங்கிவிடுங்கள், காலையில் டவுன் பஸ் கிடைக்கும். மழைக்காலத்தில் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள், கரிசல் மண் விடாது. மின்தடை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாளில் மிஷினைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள், அது மகா பாவம். என் வீட்டுக்காரருக்கு அனுமதி கொடுத்துவிட்டேன், முதலில் இன்வெர்ட்டர், அப்புறம்தான் மிஷின் என்ற நிபந்தனையோடு.

மறுநாள் சாயங்காலம் பேச்சி போன் செய்தார். நூற்றுப் பதினான்கு குஞ்சு! வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நானே கத்திவிட்டேன். எட்டு வீட்டுப் பெண்களும் காலையிலேயே அடுத்த ஈட்டுக்கு முட்டையோடு வந்து நின்றார்களாம். "அவுக முட்டைல எல்லாஞ் சேத்து நாலுதான் போச்சுக்கா. எங்க வலைல பதினாலு" என்றார்.

"உங்க வலையில மட்டும் ஏன் இவ்வளவு?" என்றேன்.

"வெந்நி பாட்டிலுக்குப் பக்கத்துல எல்லா வலைக்கும் எடம் பத்தலக்கா. எங்க வலையத்தான் குளிரு அடிக்க ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். நம்ம முட்டை செத்தா நம்மளோட போச்சு. அவுக முட்டை செத்தா, நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அவுக வாசலுக்குப் போவேன்?"